சுழியம் வாங்கிய இஞ்சிப் பச்சடி

செவ்வாய்க்கிழமை காலை மதிப்பகத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், பெற்றவர்கள் படும் பாடு. தூக்குச்சட்டி, பை, துணி மூட்டை என்று ஆளுக்கொன்றை இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்தான்: தாங்கள் கொண்டுவந்த பொருள் சல்லிக்காசு பெறாது என்று, விலை போடும் எந்திரமான மதிப்பி சொல்லிவிட வேண்டும். திரையில் சுழியம் விழுந்தால் முன்பின் தெரியாதவர்களைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். விலை விழுந்தால் அழுவார்கள்.

அன்று தென்னவனுக்கு முன்னால் நின்ற அம்மாள், மகன் கல்யாணத்துக்காக ஒரு கைக்குட்டையில் பூ தைத்துக் கொண்டுவந்திருந்தாள். பாவம், நன்றாகவே தைத்திருந்தாள். விலை விழுந்துவிட்டது. "கண்ணை மூடிக்கிட்டுத்தானம்மா தச்சேன்" என்று மூக்கைச் சிந்தியபடி நகர்ந்தாள்.

"வாங்க தென்னவன் ஐயா, இந்த வாரம் என்ன?" என்றாள் மதிப்பாய்வாளர் நாச்சியார். அவளுக்கு இவரை நன்றாகத் தெரியும். போன மாதம் இவர் சுட்ட அதிரசத்துக்கு, மதிப்பி உணவுப் பட்டியலை விட்டுவிட்டுக் கட்டுமானப் பொருள் பட்டியலில் விலை போட்டது. மதிப்பகமே இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"இஞ்சிப் பச்சடிம்மா."

மதிப்பியின் நாக்குணரி, அதாவது டேஸ்ட் சென்சார், கிண்ணத்துக்குள் இறங்கியது. இறங்கிய வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே வந்தது. சிவப்பு விளக்கு படபடத்தது. திரையில் எழுத்து ஓடியது: 'இதை எவரும் வாங்கார். சந்தை மதிப்பு: சுழியம்.'

தென்னவன் அறுபது வயதை மறந்து ஒரு குதி குதித்தார். கைக்குட்டை அம்மாளே திரும்பி வந்து அவருக்குக் கைகொடுத்தாள்.

வீடு திரும்பும்போது படகுக்காரரின் உள்ளங்கைமேல் தன் உள்ளங்கையை வைத்துக் கட்டணம் செலுத்தினார். தாளும் நாணயமும் ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே, அவ்வளவுதான் கைமாற்று. தூத்துக்குடிக் கடலோரம் நீரில் மூழ்கிய பிறகு கட்டிய முத்துமிதவை நகரத்தில் பேரம் பேசுகிறவர்கள்கூடக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

பெற்றவர்களை மதிப்பக வரிசையில் நிறுத்துகிற சட்டத்துக்குத் தற்கைத் திருமணச் சட்டம் என்று பெயர். கல்யாணச் செலவு முழுக்க மணமக்கள் உழைத்துச் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். பெற்றவர்கள் வரலாம், வாழ்த்தலாம், வயிறாரச் சாப்பிடலாம். விலையுள்ள எதையும் கொண்டுவரக் கூடாது. அப்படிக் கொண்டுவந்தது தெரிந்தால் திருமணப் பதிவு ஓராண்டு தள்ளிப்போகும். கல்யாணத்துக்காக ஒரு தலைமுறையே வீட்டை விற்று நடுத்தெருவில் நின்றதைப் பார்த்துவிட்டு, அவர்களின் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம். தென்னவனும் கை தூக்கியவர்தான். தன் அக்காள் கல்யாணத்துக்கு அப்பா வீட்டை விற்ற அன்றைக்குத் தெருவில் கிடந்த ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்திருந்த சிறுவன் அவர்.

ஆனால் சொந்த மகளுக்கு என்று வந்தபோது கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. என்ன செய்ய!

"பெத்தவ ஒரு வாய் சோறு போட்டா அது குத்தமா? என்ன சட்டமோ, என்ன இழவோ!" என்றாள் அவர் மனைவி வடிவு. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவள் கைபட்டதற்கெல்லாம் விலை விழுந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தாலும் விழுந்திருக்கும், அப்படி ஒரு கைப்பக்குவம்.

"அந்த ஒரு வாய் சோறு, ஒரு புடவை, ஒரு பவுனுன்னுதான் எங்கப்பா வீட்டை வித்தாரு. சட்டம் சரியாத்தான் இருக்கு, வடிவு."

"அப்ப எதுக்கு வாராவாரம் சட்டியைத் தூக்கிட்டு அலையுதீங்க?"

"சும்மா போய் நிக்க முடியலட்டி" என்றார் தென்னவன். அது உண்மை. தாழை அவருக்கு ஒரே மகள். அவள் இலையில் தன் கையால் ஒரு துளி வைத்துவிட வேண்டும், அதற்குமேல் அவருக்கு ஆசை இல்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்தது. தாழையும் மாப்பிள்ளை ஆதிரனும் ஒரு கடற்பண்ணையில் வேலை பார்ப்பவர்கள். அன்று மாலையே தெற்குக் கடல் பண்ணைக்கு இருவரும் கப்பலேற வேண்டும். பதிவுச் சான்று இருந்தால் ஒரே பண்ணை. இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசை, ஓர் ஆண்டு. சாப்பாட்டுக் கணக்கு முடிந்த பிறகே பதிவு என்பதால், நாச்சியார் கூடத்தின் மூலையில் மதிப்பியோடு உட்கார்ந்து இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே விருந்துக்குத்தான் வசதி என்பதால், மறுவீட்டில் போடவேண்டிய மாப்பிள்ளைச் சொதியையும் அன்றைக்கே போட்டார்கள். மணமக்கள் கைக்கெட்டிய விலையில் கிடைத்தது ஆய்வகத் தேங்காய்ப்பாலில் செய்த சொதி. வெள்ளைவெளேரென்று பார்க்க அழகாக இருந்தது. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. விருந்தாளிகள் மரியாதைக்கு மென்றார்கள். தாழையின் முகம் வாடுவதைத் தென்னவன் பார்த்தார்.

அவர் பச்சடிச் சட்டியோடு எழுந்தார். ஒவ்வோர் இலையாக, ஓரத்தில், சுண்டைக்காய் அளவு வைத்துக்கொண்டு போனார். முதலில் வாயில் போட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவருக்கு விக்கல் வந்தது, கண்ணில் நீர் வந்தது, காது சிவந்தது. "யய்யா, ஆளைக் கொல்லுதே!" என்று அலறிக்கொண்டு, காரத்தை அடக்க ஒரு பெரிய கவளம் சொதிச் சோற்றை அள்ளிப் போட்டார்.

போட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக மென்றார். மறுபடி ஒரு துளி பச்சடி, ஒரு கவளம் சொதி.

"எய்யா தென்னவன், இன்னும் கொஞ்சம் வைங்க!"

அவ்வளவுதான், பந்தி முழுக்கப் பற்றிக்கொண்டது. தனியாக நக்கிப் பார்த்தால் நாக்கைப் பொசுக்குகிற பச்சடி, சப்பென்ற சொதியோடு சேர்ந்ததும் இரண்டுக்குமே உயிர் வந்துவிட்டது. பாவம் மதிப்பி, அதற்கு யாரும் சொதி ஊற்றிக் கொடுக்கவில்லையே! மூக்கை உறிஞ்சுவாரும் விக்குவாரும் சிரிப்பாருமாகக் கூடம் அமர்க்களப்பட்டது. தாழை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். சட்டி காலியானது.

வினை அங்கேதான் வந்தது. பச்சடி தீர்ந்துபோன தாய்மாமன், பக்கத்து இலைக்காரரிடம், "உங்க பச்சடியை இங்க தள்ளுங்க, என் வடையை எடுத்துக்கோங்க" என்றார். அவரும் தள்ளினார்.

மூலையில் மணி அடித்தது. திரையில் எழுத்து ஓடியது: 'பண்டமாற்று பதிவாகியது. இஞ்சிப் பச்சடி, ஒரு துளி: ஒரு வடை.' எதிர்ப் பந்தியில் யாரோ இரண்டு வடை கொடுக்க முன்வந்தார்கள். மறுபடி மணி அடித்தது.

நாச்சியார் எழுந்து வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஐயா, உங்க பச்சடிக்கு விலை வந்திருச்சு. நான் பதிவு போட முடியாது."

தென்னவன் காலிச் சட்டியைக் கீழே வைத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் சமைத்த ஒன்றுக்கு, அதுவும் உணவுப் பட்டியலில், விலை வந்திருக்கிறது. அதைக் கொண்டாடவும் முடியவில்லை. "நான் நாசமாப் போக! என் ஆசைக்கு எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டேனே" என்றார்.

"ஒரு வழி இருக்கு. மணமக்கள் இதை உங்ககிட்ட வெலைக்கு வாங்கிட்டா, இது அவங்க செலவு. கணக்கு நேராயிரும்" என்றாள் நாச்சியார்.

"மககிட்டக் காசு வாங்கவா? நான் என்ன ஓட்டலா நடத்துதேன்? முடியாது."

"அப்பா" என்று தாழை எழுந்து வந்தாள். மூக்கு நுனி இன்னும் சிவந்திருந்தது. "இந்தக் கல்யாணத்துக்குப் பூவை நான் வாங்கினேன். இலையை நான் வாங்கினேன். அந்தச் சப்புனு இருக்கிற சொதியையும் நாங்க ரெண்டு பேருந்தான் வாங்கினோம். உருப்படியா இருந்த ஒண்ணே ஒண்ணை மட்டும் நான் ஓசியில திங்கணுமா?"

"அதுக்கில்லம்மா…"

"எத்தனையோ செலவைப் பாத்துப் பாத்துச் செஞ்சேன்ப்பா. மனசு நெறஞ்சு கொடுக்கிறது இது ஒண்ணுதான். கையை நீட்டுங்க."

தென்னவன் கையை நீட்டினார். பழக்கதோஷம், உள்ளங்கை கீழே பார்த்தபடி நீண்டது. அந்தக் கை மகள் கைக்கு மேலேயே இருந்து பழகியது. பள்ளிக்கூடக் கட்டணம், மிட்டாய்க் காசு, விடுதிச் செலவு எல்லாம் மேலிருந்து கீழேதான் போயிருக்கின்றன. வடிவு அருகில் வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, தோசையைத் திருப்புவதுபோல் அந்தக் கையைத் திருப்பிவிட்டாள். "நல்லா நீட்டுங்க, பிள்ளைக்குக் கப்பலுக்கு நேரமாகுது."

தாழையின் உள்ளங்கை மேலே வந்து படிந்தது. கைமாற்றின் மெல்லிய சூடு ஏறியது. மதிப்பியில் பச்சை விளக்கு எரிந்தது. கூடம் முழுக்கக் குலவைச் சத்தம் எழ, நாச்சியார் பதிவை முடித்துச் சான்றைக் கொடுத்தாள். பிறகு தென்னவன் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: "ஐயா, தை மாசம் எம் மகனுக்குக் கல்யாணம். நானும் நல்லாச் சமைப்பேன், அதான் பிரச்சினை. எப்படிக் கெடுக்கணும்னு கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அவருக்கு உறைத்தது. பதிவு முடிந்துவிட்டது. சட்டம் கல்யாணத்தோடு சரி. இனி அவர் மகளுக்கு எதையும் கொடுக்கலாம், கேட்பார் இல்லை. வாங்கிய பணத்தை இந்த நொடியே திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் கை தானாகவே மேலே எழுந்தது.

தாழை அதைப் பார்த்துவிட்டாள். அப்பாவுக்குத் தன் சம்பாத்தியத்தில் முதன்முதலாகக் கொடுத்த பெருமை, அந்தச் சிவந்த முகமெல்லாம் நிறைந்திருந்தது. அது அணைந்துவிடுமோ என்று ஒரு சிறு பயமும் கண்ணில் இருந்தது.

எழுந்த கை அவள் உள்ளங்கைக்கு வரவில்லை. இஞ்சி மணத்தோடு அவள் தலைமேல் போய் அமர்ந்தது.

"பத்திரமா போயிட்டு வா, தாயி" என்றார் தென்னவன். "இந்தக் காசு எங்கிட்டயே இருக்கட்டும். எம் மக கொடுத்தது."