பதின்மூன்றாவது மூச்சு

அக்காவின் வீட்டுப் பூட்டு சாவியைக் கண்டதுமே திறந்துகொண்டது. ஒரு வருடமாகச் சாத்திக் கிடந்த வீடு இப்படி முரண்டு பிடிக்காமல் வழிவிடும் என்று பாடகி எதிர்பார்க்கவில்லை. பின்னால் வானொலி நிகழ்ச்சிக்காரப் பெண் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். நல்ல வெயில், பகல் பதினொரு மணி. பயப்படுகிற வேளையே இல்லை.

பாட்டு பிறந்த அறையிலேயே அதன் கதையைப் பதிவு செய்ய வேண்டும் என்று வானொலியில் கேட்டிருந்தார்கள். பாடகிக்கும் அது தேவைப்பட்டது. பாட்டு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தாலும், அதை உண்மையில் செய்தது யார் என்று அங்கங்கே ஒரு முணுமுணுப்பு. தன் வாயால் ஒருமுறை கதையைச் சொல்லிவிட்டால் பாட்டு முழுசாகத் தன்னுடையதாகிவிடும்.

பின்னறைச் சுவரெல்லாம் கனத்த போர்வைகள். வெளிச்சத்தம் நுழையாமலிருக்க அக்கா ஆணியடித்து மாட்டியவை. கீபோர்டு, கணினி, நடுவில் மைக். ஈரப் போர்வையின் வாடைக்கு அடியில் லேசாகக் கிராம்பு வாசனை வந்தது. அக்கா எப்போதும் தொண்டைக்கு ஒரு கிராம்பை வாயில் அடக்கியிருப்பாள்.

உண்மைக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாடகி சொல்லப்போவதில்லை.

அக்காவின் கணவர் ஒருநாள் சட்டையை மாற்றிக்கொண்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போனவர்தான். அவர் எடுக்காத போனின் மணியையே தாளமாக வைத்து அக்கா அந்தப் பாட்டைச் செய்தாள். பாடியும் பார்த்தாள். தொண்டையில் கட்டி, குரல் கரகரத்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அதுவரை நீ டிராக் பாடி வை, வந்து நான் பாடிக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தொழிலில் அது வழக்கம்தான். ஒருவர் மாதிரிக்கு டிராக் பாடி வைப்பார். பாட வேண்டியவர் வந்து பாடியதும் டிராக்கை அழித்துவிடுவார்கள்.

தங்கை டிராக் பாடினாள். சுத்தமாகத்தான் பாடினாள், சோகம்தான் ஒட்டவில்லை. அதனால் அக்கா பாடியதில் சொற்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவள் இழுத்த மூச்சை மட்டும் தன் குரலோடு சேர்த்தாள். பன்னிரண்டு வரி, பன்னிரண்டு மூச்சு. தன் பெயரில் வெளியிட்டாள். கேட்டவர்கள் அந்த மூச்சுக்குத்தான் அழுதார்கள்.

நான்காவது வாரம் வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் போனில் அக்கா அதைக் கேட்டாள். பார்க்க வந்திருந்த தங்கையைப் பார்த்தாள். வாயைத் திறந்து நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள். பேசவில்லை. கூடப் பிறந்தவளே துரோகம் செய்வாள் என்று யார்தான் நினைப்பார்கள்? அந்த மூச்சை அவள் வெளியே விட்டாளா என்று தங்கைக்குத் தெரியாது. அதற்குள் எழுந்து வந்துவிட்டாள். இரண்டே நாளில் காய்ச்சல் கண்டு அக்கா போய்ச் சேர்ந்தாள்.

நிகழ்ச்சிக்காரப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையசைத்தாள். என்னை விட்டுப் போன ஒருவருக்காக எழுதினேன், இந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்று பாடகி கூசாமல் அளந்தாள்.

பெண் கைகாட்டி நிறுத்தினாள். "மேடம், மைக்குக்கு ரொம்பக் கிட்ட மூச்சு இழுக்கறீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னும் கேக்குது."

பாடகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் கேக்குது மேடம்." பெண்ணின் குரல் இறங்கிவிட்டது.

பேச்சை மாற்ற நினைத்து, பாடகி கணினியைத் திறந்து பாட்டின் பதிவை ஓடவிட்டாள். திரையில் மூச்சுகள் தனி வரிசையில் துண்டு துண்டாகத் தெரிந்தன. பன்னிரண்டும் ஒலித்தன. தாளம் நின்றது.

வரிசையின் கடைசியில் இன்னொரு துண்டு இருந்தது.

அவள் வைக்காதது.

நீளமாக, நெஞ்சு நிறைய, உள்ளே மட்டும் போகிற மூச்சு.

வார்டில் கேட்டது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

"இது யாரு மேடம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமே இல்லையே என்றார். எதற்கும் ஆறு வாரம் பேசாமல் இருக்கச் சொன்னார்.

நான்காவது வாரம் நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நாள். காலையில் நிகழ்ச்சிக்காரப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "தைரியமா உண்மையச் சொல்லிட்டீங்க மேடம்." என்ன உண்மை என்று பாடகிக்கு விளங்கவில்லை. மத்தியானம் வானொலியைத் திருப்பினாள்.

முதலில் ஒரு மூச்சு.

பிறகு அவளுடைய குரலேதான், டிராக் பாடியது போலச் சுத்தமாக: "இது எங்க அக்கா பாட்டு. அவ பேச முடியாத நேரமாப் பாத்து நான் எடுத்துக்கிட்டேன்."

அவள் அதைச் சொல்லவே இல்லை. சொந்தக் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. போன் மணி அடித்தது, அந்தத் தாளத்திலேயே. எடுத்து, இல்லை என்று சொல்ல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். ஒரு சொல்லும் எழும்பவில்லை.

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

சூடாக, நீளமாக, ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது முழுவதும். கிராம்பு வாசனை அறையெல்லாம் பரவியது. இதோடு முடிந்தது என்று பாடகி கண்ணை மூடினாள்.

காதுக்குப் பக்கத்தில், அடுத்த வரியைப் பாடப்போகிறவள்போல, அது மெதுவாக மறுபடி உள்ளே இழுத்தது.