பிரபு சிலையின் காலடியில்

காலை 6.20.

துறைமுகச் சதுக்கத்தில், துறைமுகத்தைக் கட்டிய பிரபுவின் வெண்கலச் சிலைக்குக் கீழே, போட்டோக்காரர் மல்லாந்து கிடந்தார். பின்மண்டை பீடத்தின் விளிம்பில் மோதிப் பிளந்திருந்தது. வலது கையில் விரித்த பேனாக்கத்தி. முதலில் பார்த்தவள் பேப்பர் விற்கும் பெண். பேப்பர்க் கட்டை அப்படியே போட்டுவிட்டு, தலை நிமிராமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"பிரபு அடிச்சுட்டாரு!"

ஊரும் அதையேதான் சொன்னது. நாற்பது நாள் துணி போட்டு மூடி, மராமத்து முடித்து, போன மாதம் சிலையைத் திறந்ததிலிருந்தே யாருக்கும் மனசு சரியில்லை. கண் மாறிவிட்டது என்றார்கள். எந்தப் பக்கம் போனாலும் முறைக்கிறது என்றார்கள். பிள்ளைகளை யாரும் அந்தப் பக்கம் விடுவதில்லை.

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு இறந்தவரின் வாயைப் பார்த்தார். முன்பற்களில் ரத்தம். உதட்டிலோ நாக்கிலோ காயம் இல்லை.

"பீடத்தை அளந்து குறிச்சுக்குங்க."

கான்ஸ்டபிள் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றார். "மேடம்... தொடாம அளந்தா பரவாயில்லையா?"

காலை 8.40.

பிரபுவின் கொள்ளுப்பேரன் சதுக்கத்துக்கு எதிர்வீட்டில் இருந்தார். சிலையைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாவற்றிலும் திரை.

"நேத்து போட்டோக்காரரோட சண்டை போட்டீங்களா?"

"போட்டேன். சிலையைச் சுரண்டிப் பார்க்கணும்னார். கையை ஒடிச்சுடுவேன்னேன்."

"இன்னிக்கு விடியக்காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தனியா." அவர் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் அதுக்குப் பக்கத்துலயே போறதில்லம்மா. எங்க கொள்ளுத்தாத்தாதான். ஆனாலும் குலை நடுங்குது."

வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. இவரைக் கைது செய்வார்கள் என்று பாதிப் பேர் காத்திருந்தார்கள்.

காலை 10.15.

ஸ்டுடியோ உள்ளே தாழிட்டிருந்தது. யார் என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மகள் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒரு வாரமா அப்பா தூங்கல. 'அது அவர் இல்லம்மா, அது அவர் இல்ல'ன்னு புலம்பிட்டே இருந்தார். பயத்துல புத்தி கலங்கிடுச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட போலாம்னுகூட சொன்னேன்."

"வேற யார்கிட்டயாவது சொன்னாரா?"

"பிரபுவோட கொள்ளுப்பேரன் விரட்டினதும் மராமத்து மாமாகிட்ட போனார். சிலையைப் புதுப்பிச்சாரே, அவர்தான். சொந்தமில்ல, பழக்கத்துல மாமான்னு கூப்பிடுவேன். காலையில துக்கம் கேட்க வந்தார், பாவம், கையில கட்டோட."

"கட்டா?"

"நேத்து மத்தியானம் மெழுகு பூசப் போனாராம். வெயில்ல வெண்கலம் கொதிச்சு உள்ளங்கை வெந்துடுச்சாம். சிலையை எடுத்த படமெல்லாம் நகரசபைக்கு வேணும்னு கேட்டார். நான் கதவு திறக்கல. சாயங்காலம் வாங்க மாமான்னு ஜன்னல் வழியா சொல்லி அனுப்பிட்டேன்."

மேஜையில் படங்கள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. அப்பா கடைசியாகப் பரப்பி வைத்தபடியே. ஒரு வரிசை போன வருஷத்துக் கோடை. மற்றது இந்த மாதம். எல்லாமே உச்சிவெயிலில் எடுத்தவை. மனிதர்கள் கண்ணைச் சுருக்கியிருந்தார்கள், நிழல் காலடியிலேயே சுருண்டிருந்தது. பழைய படங்களில் கடற்காகங்கள் விளக்குக் கம்பங்களில் இருந்தன. போன வியாழக்கிழமைப் படத்தில் பிரபுவின் தொப்பிமேல் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டார். "மராமத்துக்காரரைச் சதுக்கத்துக்கு வரச் சொல்லுங்க. நீயும் வாம்மா. தனியா இருக்காதே."

பகல் 12.30.

வெயில் கொளுத்தியது. கூட்டம் தள்ளியே நின்றது. மராமத்துக்காரர் தோளில் சாமான் பையோடு வந்து கைகூப்பினார். வலது கையில் வெள்ளைக் கட்டு.

"மெழுகு பூசறப்ப சுட்டதா?"

"ஆமாம்மா. வெண்கலம் இல்லையா? அடுப்பு மாதிரி கொதிக்கும்."

இன்ஸ்பெக்டர் சிலையை நெருங்கினார். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், இன்று யாரோ முன்பின் தெரியாதவன் முகம்போல இருந்தது. வெறும் உள்ளங்கையைப் பிரபுவின் பூட்ஸ்மேல் வைத்தார். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று இருபதுவரை எண்ணினார். பிறகு திரும்பிக் கையைக் காட்டினார். கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"வெறும் சூடு. உங்க கையை மட்டும் எப்படி வேக வெச்சுது?"

மராமத்துக்காரர் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உச்சிவெயில்ல வெண்கலத்துமேல பறவை உட்காராது. இப்ப உட்காருது. இது வெண்கலமே இல்ல. அச்செடுத்து வார்த்துப் பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக். நாப்பது நாள் துணிக்குள்ள நீங்கதான் இருந்தீங்க. அசல் வெண்கலத்தை வித்துட்டீங்க. போட்டோக்காரர் கண்டுபிடிச்சார், நம்பி உங்ககிட்டயே வந்து சொன்னார். விடியக்காலையில சுரண்டிப் பார்க்கப் போனவரோட வாயைப் பின்னாலிருந்து பொத்தினீங்க. கட்டை அவிழுங்க."

"அம்மா, புண்ணு..."

கான்ஸ்டபிள் அவிழ்த்தார். தீக்காயம் இல்லை. உள்ளங்கைச் சதையில் பிறைபோலப் பல் பதிந்திருந்தது.

"கொல்லணும்னு நினைக்கல," என்றார் மராமத்துக்காரர். "கடிச்சுட்டுத் திரும்பினான். தள்ளிவிட்டேன். அவ்வளவுதான்."

மகள் ஓடி வந்தாள். "மாமா, அவர் உங்களை நம்பித்தானே..." பேப்பர் விற்கும் பெண் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் சாமான் பையைப் பீடத்தின்மேல் கொட்டினார். தூரிகை இரண்டு. மெழுகு டப்பா. பழந்துணி. கடைசியாக, இறுக்கி மூடிய ஒரு பாட்டில். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் நெடி அடித்தது. கூடவே புதுத் தீப்பெட்டி.

"மெழுகு வேலைக்குப் பெட்ரோல் எதுக்கு மேடம்?" என்றாள் மகள்.

அவள் தீப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தெருக்கோடியில் மரப்படிகளும் மரக்கதவுமாக நின்ற ஸ்டுடியோவைப் பார்த்தாள்.

"சாயங்காலம் படங்களோட நானும் உள்ளேதான் இருப்பேன்னு அவருக்குத் தெரியும்," என்றாள்.