நாலாவது இன்லேண்ட்

சாயங்காலம் ஐந்து மணிக்கு டெல்பின் தன் அப்பாவைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மா அற்புதம்மாளின் முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த முப்பது நாளும் அருள்நாதன் மேலப்புதூர் வீட்டை விட்டு வெளியே கால் வைக்கவில்லை.

"நடந்தாத்தானேப்பா பசிக்கும்? எனக்கு ஸ்ரீரங்கம் ஸ்கூல்ல வேலை கிடைச்சிடுச்சு. இனிமே உங்க கூடத்தான் இருக்கப்போறேன். தினம் நடக்க வெச்சிடுவேன், பாத்துக்கோங்க."

அவர் தலையாட்டினார். எழுபது வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பிடிப்பு இந்த மகள்தான்.

கிழக்கு மூலையில் தோட்டக்காரர் காஜா மைதீன் காகிதப்பூப் புதரை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அருள்நாதனின் கால் தானாக நின்றது.

"வேற பக்கம் போலாம்மா."

"சார், இங்க வாங்க! புதையல் கிடைச்சிருக்கு!" என்று காஜா மைதீன் கூப்பிட்டார்.

முள்ளுக்குள்ளிருந்து ஒரு தபால்பெட்டி எட்டிப் பார்த்தது. சிவப்புச் சாயம் உதிர்ந்து, துரு ஏறி, வாய் மட்டும் கறுப்பாகத் திறந்திருந்தது.

பழைய வாசலை அடைத்துச் சுவர் எழுப்பிய காலத்தில் புதருக்குள் போன பெட்டி அது. ஊரே அதை மறந்துவிட்டது.

ஒருவரைத் தவிர.

அருள்நாதனின் கல்யாணப் பந்தியில் மச்சான் ஜோஸ் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "இவன் கையில தங்கச்சியக் கொடுத்ததுக்குக் காவேரில தள்ளியிருக்கலாம்." அன்றோடு பேச்சு அறுந்தது. ஆனால் அற்புதம்மாள் அண்ணனை விடவில்லை. டெல்பினின் ஞானஸ்நானத்துக்கு ஒன்று, முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஒன்று, வயசுக்கு வந்த சடங்குக்கு ஒன்று என்று அவன் இருந்த கோலாருக்கு மூன்று இன்லேண்ட் கடிதம் எழுதினாள். "கொடு, நானே போட்டுடறேன்" என்று வாங்கி வந்த அருள்நாதன் மூன்றையும் இந்தச் செத்த பெட்டியின் வாயில்தான் போட்டார். கிழித்தே எறிந்திருக்கலாம். ஆனால் தபால்பெட்டியில் போட்டேன் என்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ண வேண்டுமே! பண்ணினார், மூன்று தடவையும்.

தாய்மாமன் சீர் இல்லாமலே சடங்கு நடந்தது. "அண்ணன் மனசு கல்லாயிடுச்சு" என்று அற்புதம்மாள் வாயை மூடிக்கொண்டாள். மாமாவைக் கரித்துக்கொட்டியே மகள் வளர்ந்தாள்.

போன மாதம் சவப்பெட்டியை மூடும்போது யாரோ கேட்டார்கள், பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று.

"சொல்லியாச்சு. வரமாட்டானாம்" என்றார் அருள்நாதன்.

அண்ணன் கொண்டுவர வேண்டிய புதுப்புடவை போர்த்தாமலே ஆணி அடித்தார்கள்.

"பாம்பு கிடக்கும். விட்டுடுங்க பாய்" என்றார் அருள்நாதன் இப்போது.

"பாம்புக்கு யாரு சார் லெட்டர் போட்டா?" என்று சிரித்துக்கொண்டே காஜா மைதீன் அரிவாள் நுனியைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார்.

கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

குப்பென்று யூகலிப்டஸ் தைலம் மணந்தது. கடைசி ஆறு மாதம் அற்புதம்மாளின் நெஞ்சில் தடவிய அதே தைலம்.

காஜா மைதீனின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அம்மா வாசனைப்பா" என்று டெல்பின் கிசுகிசுத்தாள்.

உள்ளே கையை விட்டு எடுத்தாள். கரையான் அரித்த மூன்று இன்லேண்ட். விலாசத்தைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. ஒன்றைப் பிரித்தாள். 'அண்ணே, உன் மருமகளுக்குச் சடங்கு. நீ வராம யாரு அவளுக்கு மாலை போடுவா?'

"சத்தியம் பண்ணீங்களேப்பா."

"பெட்டியிலதாம்மா போட்டேன்..."

அந்தப் பதில் அவருக்கே நாறியது.

"அடியில இன்னொண்ணு கிடக்கும்மா" என்றார் காஜா மைதீன் தயக்கத்தோடு.

அருள்நாதன் குனிந்து பார்த்தார்.

அவர் போட்டது மூன்றுதான்.

நாலாவது இன்லேண்ட் புத்தம் புதிதாக இருந்தது. மை காயவில்லை. டெல்பினின் கட்டைவிரலில் நீலமாக ஒட்டியது. எழுத்து அம்மாவுடையது.

'அண்ணே, என்னைக் கோடி இல்லாம மூடிட்டாங்க. மண்ணு ரொம்பக் குளிருது. இதையாவது யார் கையிலயும் கொடுக்காம நானே போடறேன்.'

டெல்பின் நான்கையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"மாமாவுக்குச் சொல்லவே இல்லையா நீங்க?"

அவர் பார்வையைத் தபால்பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பத்து நாள் கழித்து அருள்நாதன் கல்லறைக்குப் போனபோது, அற்புதம்மாளின் மண்மேட்டில் சிவப்புக் கரை போட்ட புதுப்புடவை விரித்திருந்தது. ஜோஸ் வந்துவிட்டுப் போயிருந்தான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

டெல்பின் வீட்டுக்குத் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினார். ஸ்ரீரங்கம் பள்ளி விலாசத்துக்கு உறை ஒட்டி, பெரிய தபாலாபீஸ் பெட்டியில் போட்டார். உள்ளே விழுந்த சத்தத்தைக் காதால் கேட்டார்.

மறுநாள் காலை உறை அற்புதம்மாளின் கட்டிலில் கிடந்தது. பிரிக்கப்படவில்லை. ஈர மண் அப்பியிருந்தது.

இன்னொன்று எழுதி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். ரசீது சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

கடிதம் கட்டிலில் இருந்தது.

மூன்றாவதை அவரே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் கொண்டுபோனார். வாசலில் இருந்த வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. "டீச்சர் யாரையும் பார்க்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்க, பெரியவரே. லெட்டரைக் கொடுங்க, சேத்துடறேன்" என்று வாங்கி, உறை மூலையில் பச்சைப் பேனாவால் தேதி போட்டு, அவர் கண்ணெதிரே உள்ளே எடுத்துப்போனார்.

வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தபோது பகல் பன்னிரண்டு மணி. ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று உறைகளும் வரிசையாக இருந்தன. கடைசி உறையின் மூலையில் பச்சை மையில் இன்றைய தேதி.

பக்கத்தில், மெத்தையில், ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம். அவர் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலே எழும்பிச் சமமாயிற்று.