எழுதினபடி ஒரு பிணம்

மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை. அதன் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி.

தொட்டிக்குள்... தம்பையா!

பதுளையில் அச்சகம் வைத்து, வாராவாரம் சித்திரக் கதைப் பத்திரிகை போட்டுவந்த முதலாளி. பின்மண்டை பிளந்திருந்தது. ஒரு காலில் சப்பாத்து இல்லை.

திங்கட்கிழமை காலையில் கொழுந்தெடுக்கப் போன நல்லம்மாதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் தொழிலாளர் லயமே திரண்டு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் பலீலுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது!

காரணம், வெள்ளிக்கிழமை வெளிவந்த தம்பையாவின் பத்திரிகை. அதன் கடைசிப் படத்தில் இதே தொட்டி! இதே பிணம்! இதே ஒற்றைச் சப்பாத்து!

தம்பையா செத்ததோ சனிக்கிழமை.

பத்து மணிக்கு பலீல் அச்சகத்தில் இருந்தார். எதிரே இரண்டு பேர். படம் வரைகிற மர்ஸூக். கதை எழுதுகிற சண்முகராஜா, மடுல்சீமைத் தோட்டமொன்றின் ஆபீஸ் கிளாக்கர்.

"கொலைக்கு முந்தின நாளே கொலைய அச்சுல காட்டியிருக்கீங்க. எப்பிடி மர்ஸூக்?"

"எனக்கென்ன தெரியும் சேர்? தம்பி சண்முகராஜாதான் எழுதி அனுப்பினாரு. நான் வரைஞ்சேன்."

"என்ன நானா இது!" சண்முகராஜா துள்ளி எழுந்தான். மர்ஸூக்கை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவன் கூப்பிடுவான். "நான் எங்க தொட்டின்னு எழுதினேன்? ஆத்துல தள்ளி விடுறதாத்தானே எழுதினேன்!"



சண்முகராஜா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"கார்பன் கொப்பி சேர். நீங்களே படிங்க."

பலீல் படித்தார். ஆற்றில் தள்ளுவதாகத்தான் இருந்தது!

"மாத்தி வரையிறதே இவருக்குப் பொழப்பு சேர். நான் குதிரைன்னு எழுதினா இவரு பஸ்ஸ வரைவாரு!"

"பதுளையில குதிரைக்கு நான் எங்க போற?" பழக்கதோஷத்தில் மர்ஸூக்குக்கு வாய் தவறி வந்துவிட்டது.

இது ஊரறிந்த விஷயம். வில்லன் குண்டன் என்று எழுதினால் மர்ஸூக் ஒல்லியாக வரைவார். கதாநாயகி அழுகிறாள் என்றால் சிரிக்க வைப்பார். வாசகர் கடிதங்களிலோ படத்துக்கு மட்டும்தான் பாராட்டு!

"போன கிழம தம்பையாவோட சண்டையாமே?"

"படம் கறுப்பா விழுதுன்னு சத்தம் போட்டேன் சேர். அதுக்குப் போய் ஆளைக் கொல்றதா?"

"சனிக்கிழம எங்க இருந்தீங்க?"

"ஊட்டுலதான். பொஞ்சாதி நளீரா புள்ளையக் கூட்டிக்கிட்டு அவட உம்மா ஊட்டுக்குப் போயிருந்தா... தனியாத்தான் இருந்தேன்."

"விலங்கைப் போடு!" என்றார் பலீல்.

மர்ஸூக் நண்பனைப் பார்த்தார். எட்டு வருஷப் பழக்கம். ஒவ்வொரு பெருநாளுக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து வட்டிலாப்பம் சாப்பிட்டவன்.

"தம்பி... எம் மகள நெனச்சாவது உண்மைய சொல்லுங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல நானா?"

கையில் விழுந்த விலங்கை விட, அந்த 'நானா'தான் மர்ஸூக்குக்கு அதிகம் வலித்தது.

"சேர்... அந்தப் படத்துட அசல் அலுமாரியில இருக்கு. கொழும்புல அச்சுக்கு ப்ளொக் செஞ்சிட்டுத் திருப்பி அனுப்பினது. அதக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க."

"எடுங்க சேர், எடுங்க!" சண்முகராஜா சிரித்தான். "அதுவும் சாட்சிதானே!"

பலீல் எடுத்தார். அதே தொட்டி. அதே பிணம்.

"இதுல என்ன புதுசு?"

"பின்பக்கம் திருப்புங்க சேர்."

சண்முகராஜாவின் சிரிப்பு பட்டென்று நின்றது!

"நாட்டுல தாளுக்குத் தட்டுப்பாடு சேர். முதலாளி தந்த வெள்ளைத்தாள் எல்லாம் எம் மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பியாகிரும். தம்பி எழுதி அனுப்புறது நல்ல தடிச்ச தாள். அதுட பின்பக்கத்துலதான் நான் வரையிற. வெக்கத்துல யாருக்கிட்டயும் சொல்லல்ல..."

பலீல் திருப்பினார். உரக்கப் படித்தார்.

"'கடைசிப் படம். பாழடைந்த தொழிற்சாலை, தண்ணீர்த் தொட்டி. உள்ளே பிணம். ஒரு காலில் சப்பாத்து இல்லை. நானா, இந்த ஒரு படத்தை மட்டும் மாற்ற வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன்...'"

கார்பன் கொப்பியில் இருந்த அதே கையெழுத்து! அந்தக் கொப்பிதான் போலி!

சண்முகராஜா வாசலுக்குப் பாய்ந்தான். கான்ஸ்டபிள் அழகையா குறுக்கே காலை நீட்டினார். குப்புற விழுந்தான்!

"ஆமா, நான்தான்!" தரையில் கிடந்தபடியே கத்தினான். "இனி உன் எழுத்து வேணாம், கதையையும் மர்ஸூக்கே பாத்துக்குவான்னு சொன்னாரு தம்பையா! எழுதுறது நான், பேரு இவருக்கா? ரெண்டு பேரையும் ஒரே படத்துல முடிக்க நெனச்சேன்!"

விலங்கு கை மாறியது.

மர்ஸூக்கின் கண்கள் கலங்கியிருந்தன. கூடப் பிறந்தவனாக நினைத்தவன் ஜீப்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் மர்ஸூக்," பலீல் கேட்டார், "எல்லாத்தையும் மாத்துற ஆள், இத மட்டும் ஏன் மாத்தல்ல?"

"கால்ல விழுறேன்னு எழுதியிருந்தானே சேர்! எட்டு வருஷத்துல இந்த ஒரு தடவதான் எழுதினத எழுதினபடி வரைஞ்சேன்... தூக்கு மேடையையே எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன்!"