ஒச்சாண்டியின் பத்தியம்

வாசம்தான் முதலில் சரியில்லை. ஓடைப்பட்டிக்கு வெளியே, சுந்தர்ராஜ் டாக்டர் பங்களாவின் பின்கட்டில், கூண்டுக்குள் நின்ற செவலை நாயின் வாயிலிருந்து, அழுகிய பலாச்சுளையை வெல்லப்பாகில் ஊறப்போட்டதுபோல் ஓர் இனிப்பு நாற்றம் கிளம்பி, மாயக்காளின் சேலையில் ஒட்டிக்கொண்டு, வெயில் ஏற ஏறக் கூடிக்கொண்டே வந்தது.

அது சாமானியப்பட்ட நாயல்ல. மாதக்கணக்கில் பால்சோறு மட்டுமே தின்று கொழுத்தது. "பழனிக்கு மாலை போட்டிருக்கு" என்று ஊரில் பேச்சு. ஒரு கிழவர் அதனிடம் விபூதி கேட்டுக் கையேந்தி நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு.

அதற்குச் சமைத்துப் போடுவதுதான் மாயக்காளின் வேலை. நாயின் வயிற்றிலிருக்கும் அதே தழும்பு அவள் புருஷன் ஒச்சாண்டி வயிற்றிலும் இருந்தது. சாராயத்தில் ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியிலேயே கைவிரித்த பிறகு, முதலில் நாயை அறுத்துத் தைத்துப் பார்த்துவிட்டு, அதேபோல் அவனையும் அறுத்துத் தைத்துப் பிழைக்கவைத்தவர் டாக்டர்.

"கொடல்ல இருந்து வர்ற ரத்தம் ஈரல்ல போயித் தெளியணும் மாயக்கா. ஒம் புருசனுக்கு ஈரல் அடைச்சுப்போச்சு. கம்மாய்க்குப் போற வாய்க்கால வெட்டி, நேரா ஆத்துல விட்டுட்டேன். இனி ஓடுறது கலங்கல்தான். கறி தின்னான்னா வெசம் மூளைக்கு ஏறிரும். கஞ்சி, பாலு, அம்புட்டுதான். நாய்க்கும் அதேதான்."

அப்படிச் சொன்னவர், சில நாட்களாக அவரே ஆட்டுக்கறி வாங்கிவந்து நாய்க்கு வேகவைக்கச் சொல்கிறார். ஏன் என்று கேட்டாள்.

"என்ன ஆகுதுன்னு பாக்கணும்ல."

சிரித்தார். நல்ல வரிசைப் பல்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பை அவள் வீட்டு வாசப்படி ஏறவிட மாட்டாள்.

நாய் முதலில் பகலெல்லாம் தூங்கியது. பிறகு கூப்பிட்டால் திரும்பவில்லை. இன்று கூண்டின் பின்சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறது, விட்டால் சுவர் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லிவைத்ததுபோல. கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை.

டாக்டரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. சட்டியில் இன்றும் பாதிக் கறியைக் காணோம்.

"ஏலே வீரணா! நாய்க்கு வச்ச கறியத் திங்கிறியே, வெக்கமா இல்ல?"

காவல்கார வீரணன் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் காட்டினான். "நான் எங்க எடுத்தேன் ஆத்தா? ஐயாதான் தெனமும் தூக்குவாளியில அள்ளிக்கிட்டு ஒங்க தெருப்பக்கம் போறாக. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ஓடினாள்.

உச்சிப்பொழுது. தெருவில் காக்கை குருவி இல்லை. அவள் நிழல்கூடக் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது. வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் சாத்திவிட்டுப் போன கதவு.

உள்ளே இருட்டு. வெந்த கறி வாசம். அதற்கும் அடியில், அழுகிய பலா.

"ஏய்யா?"

தரையில் சம்மணமிட்டிருந்த ஒச்சாண்டி நிமிர்ந்தான். முகமெல்லாம் மலர்ந்தது.

"யாரு ஆத்தா நீ? வா, உக்காரு. கறி இருக்கு."

மூலையில், கவிழ்த்த உரலின் மேல் டாக்டர். உள்ளங்கையில் திறந்த கடிகாரம்.

"சத்தம் போடாத மாயக்கா. ஒச்சாண்டி, கைய நீட்டு."

நீட்டினான். இரண்டு கையும் மணிக்கட்டில் மடிந்து மடிந்து எழுந்தன. காக்கை விரட்டுவதுபோல. விரட்ட ஒன்றுமில்லை.

"நாய்க்கு ஆனதப் பாத்தீகள்ல!" கத்தினாள். "பாத்துட்டுமா இவருக்குக் குடுத்தீக?"

"நாய்க்குப் பேச்சு வராதுல்ல. உள்ள என்ன ஆகுதுன்னு அது எங்கன சொல்லும்? இவன் சொல்லுவான்."

ஒச்சாண்டி முன்னாலிருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கறி தரையெல்லாம் சிதறியது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒச்சாண்டி குனிந்தான். கை இரண்டும் அந்தரத்தில் படபடத்துக்கொண்டே இருக்க, வாயாலேயே பொறுக்கினான்.