வட்டத்துக்குள் வைத்த முகம்

ஜப்பானின் ஷிமானே கடற்கரையில் எங்கள் ஊருக்கு மழையில்லாத நவம்பர் கிடையாது. அன்றும் பெய்துகொண்டிருந்தது. மூடிப்போன தொடக்கப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்குள் விளக்குப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனேன். மணி பத்தரைதான், ஆனால் உள்ளே சாயங்காலம் மாதிரி இருட்டு. வாசலில் மாட்டிக்கொண்ட துணிச் செருப்பு சரக் சரக்கென்று தேய்ந்தது. தரையில் பழைய மெழுகு வாசனை.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் என்ன பிள்ளைகள், எல்லாருக்கும் முப்பத்தாறு வயசு. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஆறாம் வகுப்புப் படத்தை எடுத்தவன் நான். அவர்களில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் தொகாஷிதான் எல்லாரையும் கூட்டிச் சேர்த்தான். போட்டோ மாமாவே வரணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எழுபத்தொரு வயசு என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன், விடவில்லை.

கூட்டமாக நிற்பவர்களைப் படம் எடுக்க ஒற்றை விளக்கு போதாது. பக்கத்தில் வைத்தால் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை இருண்டுபோகும். ஒருத்தர் நிழல் அடுத்தவர் கன்னத்தில் விழும். அதனால் வெள்ளைக் குடை போட்ட இரண்டு விளக்கு, இடமும் வலமும் ஒரே தூரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, பின்வரிசையைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். நடு பெஞ்சில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து, அதற்கு முன் பென்சிலைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிழலும் ஒரே கருப்பில் விழுந்தன. சரி.

அப்போது பின்னால் கீச் என்றது.

பள்ளிக்குள் பிள்ளைகள் போடும் ரப்பர் செருப்பு மெழுகுத் தரையில் அப்படித்தான் கத்தும். திரும்பினேன். யாரும் இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது இருபத்துநாலு வருஷக் குறுகுறுப்பு.

அந்தப் படம் வெளியே, மைதானத்தில் எடுத்தது. வெயிலில் பிள்ளைகள் கண்ணைச் சுருக்குவார்கள். மேகம் மூடினால் வானமே ஒரு பெரிய குடை, எல்லா முகத்திலும் ஒரே வெளிச்சம். நாற்பது நிமிஷம் காத்திருந்த பிறகு மேகம் வந்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்கத் திரும்பினேன். பள்ளி வாசலில் அதே வகுப்பு மிஸுயே, கம்பளித் தொப்பியும் முகமூடியுமாக, அவள் அம்மா பின்னாலேயே வர, ஓடி வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, இந்தப் படத்துக்காகவே வந்தவள். அறுபது அடி தூரம்.

பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி, கையைத் தூக்கி, "எல்லாரும் என் கையைப் பாருங்க" என்று சொல்லி அழுத்திவிட்டேன்.

அடுத்த நிமிஷம் வெயில் அடித்தது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று ஆசிரியை கேட்டார். ஒரு மணிக்கு எனக்கு வேறு பள்ளியில் வேலை. அவள் வந்ததைக் கவனிக்கவில்லை, பிலிமும் தீர்ந்துபோச்சு என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பையில் நாலு பிலிம் இருந்தது. வராத பிள்ளைக்குச் செய்கிற வழக்கப்படி அவள் முகத்தைத் தனியாக எடுத்து, படத்தின் மேல் மூலையில் வட்டத்துக்குள் ஒட்டினேன். பிப்ரவரியில் அவள் செத்துப்போனாள். ஆல்பம் மார்ச்சில் வந்தது.

அவள் அம்மா கனயே வருஷா வருஷம், தக்காளி மாதிரி இருக்கும் காக்கிப் பழத்தைக் காயவைத்து எனக்கு அனுப்புவார். ஒன்றைக்கூட நான் வாயில் வைத்ததில்லை.

பன்னிரண்டுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். யாருக்குத் தொப்பை, யாருக்கு வழுக்கை என்று ஒரே கேலி. கடைசியில் கனயே அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் அன்று எடுத்த அதே முகம்.

கை தூக்கினேன், அழுத்தினேன். யாராவது கண்ணை மூடினார்களா என்று பார்க்க மடிக்கணினியில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைக் குடை, நடுவில் குச்சி மாதிரி நான். எனக்குப் பின்னால், தூரத்தில், கதவோரம் ஏதோ சின்னதாக.

திரும்பிப் பார்த்தேன். கதவு மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது படம். கீச், கீச்.

அந்தச் சின்ன உருவம் கூடத்தின் பாதியில் நின்றது. தொகாஷியின் கண்ணிலும் அது இருந்தது. எல்லார் கண்ணிலும் இருந்தது.

மூன்றாவது படம்.

என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பளித் தொப்பி.

யாரோ கண்ணை மூடிட்டாங்க, இன்னும் ஒண்ணு எடுக்கணும் என்று உளறினேன். கனயே அம்மா தாழ்ந்த குரலில் பேசினார்.

"அன்னிக்கும் இப்படித்தான் கை தூக்கினீங்க. 'மாமா என்னைப் பாத்துட்டாரும்மா, கை காட்டுறாரு. நிப்பாட்டி வைப்பாரு, மெதுவா போலாம்'னு மிஸுயே சொன்னா. ஓடி வந்தவ, அதுக்கப்புறம் நடக்க ஆரம்பிச்சா."



"பாத்தேன்மா," என்றேன். "நல்லாப் பாத்தேன். பிலிமும் தீரல. பொய் சொன்னேன்."

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தொகாஷி தலையைக் குனிந்துகொண்டான். நான் முட்டிபோட்டு நெற்றியைத் தரையில் வைத்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் அவர். "நீங்க வாயால சொல்றதுக்குத்தான் பழம் அனுப்பிட்டே இருந்தேன். எந்திரிங்க. எடுங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

நாலாவது படத்துக்குக் கை எழவில்லை. இரண்டு கையாலும் கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் அழுத்தினேன். விளக்குகள் மின்னி அணைந்தன.

தொகாஷிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"இது சரியா வந்திருக்கும், மாமா. நீங்க கை தூக்கினதும் எல்லாரும் ஒண்ணா கையைப் பாத்துட்டோம்."

"நான் தூக்கலையே," என்றேன்.

கனயே அம்மா மட்டும் எனக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கினேன். எல்லார் கண்ணிலும் இரண்டு வெள்ளைக் குடை. நடுவில் நான் இல்லை. நான் நின்ற இடத்தில் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.