நாற்பத்தொன்றாம் வில்லை

சூளைச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை. காலையிலிருந்து மழை மூட்டம், வெயிலைக் காரணம் சொல்லவும் வழியில்லை. பீங்கான் ஆலையை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது; இப்போது அது அருங்காட்சியகம், இன்று பதினொரு மணிக்குத் திறப்பு விழா. தீயே இல்லாத இடத்தில் சூடு எங்கிருந்து வரும்? வயசானால் உள்ளங்கைகூடப் பொய் சொல்லும்போல என்று தன்னையே திட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

ஆலை ஓடிய காலத்தில் அவளுக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சுட்டு வந்த கோப்பையை விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினால் நல்லது கணீர் என்னும், கீறல் விழுந்தது தொக்கென்னும். அவள் காது தப்பியதே இல்லை என்று ஆலை முழுக்கப் பேச்சு. தட்டுக்காரி என்பதே பேராகிவிட்டது. அதையே வருகிறவர்களுக்குச் செய்து காட்டத்தான் இப்போது கூப்பிட்டிருந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே வந்தவளின் கை மூன்றாவது பெட்டியில் நின்றது. வரிசையாகப் பித்தளை வில்லைகள். நடுவில் ஒன்றில் 41. கீழே அட்டை: ‘தொழிலாளர் வில்லைகள். அன்பளிப்பு: முன்னாள் சூளை மேஸ்திரி.’

நாற்பத்தொன்று அவள் புருஷனுடைய எண்.

சூளைக்குள் பாத்திரம் அடுக்கப் போகிறவன் தன் வில்லையை வாசலோர ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவான், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். எல்லா ஆணியும் காலியா என்று பார்த்த பிறகுதான் மேஸ்திரி வாசலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் அதே மேஸ்திரி அவள் வீட்டு வாசலில் நின்று, “உன் வீட்டுக்காரன் வில்லைய எடுத்துக்கிட்டு எவளோடயோ போயிட்டான்மா” என்றார். நம்பினாள். கையில் பச்சை மண்ணாக ஒரு குழந்தை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவே கேட்க அவனைச் சபித்தாள். அவன் சட்டைகளைக் கொளுத்தினாள். ஓடிப்போனவன் மகள் என்ற பேரோடுதான் அந்தப் பெண் வளர்ந்தாள், பெண் பார்க்க வந்தவர்கள் முன் அந்தப் பேரோடுதான் தலைகுனிந்து நின்றாள்.

வில்லையோடு ஓடினவனின் வில்லை இவரிடம் எப்படி வந்தது?

மேஸ்திரி சூளை வாசலில் நின்றிருந்தார். விழாவுக்கென்று சலவைச் சட்டை, கழுத்தில் ‘வழிகாட்டி’ என்று எழுதிய அட்டை.

“நாப்பத்தொண்ணு ஏது மேஸ்திரி?”

அவர் முகம் செத்துப்போனது. டப்பாவில் கிடந்த வில்லைகளை எண் பார்க்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

“பழைய கதை இப்ப எதுக்கும்மா? விருந்தாளிங்க பஸ் வர்ற நேரம்.”

“ஏதுன்னு கேக்குறேன்.”

“அவசர ஆர்டர். முந்தின சூடு ஆறுறதுக்குள்ள அடுக்கச் சொல்லிட்டாங்க. உள்ளயே மயங்கிட்டான்போல. அடைச்சு, தீ வெச்சு, மறுநாள்தான் ஆணியப் பார்த்தேன். அதுக்கப்புறம் நான் என்ன பண்ண?”

“அவரைப் பொசுக்கிட்டு, எவளோடயோ போயிட்டான்னு சொன்னீங்களே. நாக்கு அழுகலையா உங்களுக்கு?”

“என்னை மட்டும் சொல்லாதே. தீ வெச்ச அன்னிக்குச் சத்தம் கேட்டு உன்னைத்தானே கூப்பிட்டேன்? சுவத்துல காது வெச்சுக் கேட்டுட்டு, மண்ணுதான்னு சொன்னது யாரு?”

அவள்தான். தீ மூட்டினதும் உள்ளே பாத்திரத்தை வைத்து அடுக்கியிருக்கும் மண்பெட்டிகள் சூடேறி ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது அப்படித்தான் சத்தம் வரும், அதை ஆயிரம் தடவை கேட்டவள் என்ற இறுமாப்பில், கைவேலையைப் பாதியில் விட்டு வந்த எரிச்சலில், ஒரு நொடி காது வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. தொக், தொக். இரண்டு தரம். அவள் தட்டுவது போலவே. சுவருக்கு இந்தப் பக்கம் அவள் இருப்பாள் என்று தெரிந்து, அவளுக்காகவே தட்டியிருக்கிறான்.

தொக். தொக்.

இப்போது கேட்டது. சூளைக்குள்ளிருந்து.

“உள்ள ஆள் இருக்கு மேஸ்திரி.”

“என்ன மண்ணாங்கட்டி ஆளு! பூனை புகுந்திருக்கும்.” குறுகிய வாசலில் இடிக்குமென்று கழுத்து அட்டையைக் கழற்றினார். பழைய பழக்கம், கை தானாக ஆணிக்குப் போனது. அதை மாட்டிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

ஈர மண் வாசனை வந்தது. புதுசாகப் பிசைந்த மண், அதோடு துணி கருகும் நாற்றம், அவள் கொளுத்திய சட்டைகளின் நாற்றம். உள்ளே இருட்டில் செங்கல் மேல் செங்கல் உரசும் சத்தம். கீழே பார்த்தாள். வாசலில் ஒரு வரிசைக் கல் இருந்தது. அவள் கண்ணெதிரே இரண்டாவது. மூன்றாவது.

கத்தலாம். காலால் எட்டித் தள்ளலாம். கல் இன்னும் முழங்காலுக்குத்தான் வந்திருந்தது.

அவள் கத்தவில்லை.

ஒரு கை தெரிந்தது. உள்ளேயிருந்து. கறுத்த கை. ஈர மண்ணை இழுத்துப் பூசியது. இடுக்கில் அழுத்தியது. நான்கு விரல். சுண்டுவிரல் இல்லை. அரைவை இயந்திரம் தின்ற விரல். அவள்தான் அன்றைக்குக் கட்டுப் போட்டுவிட்டாள்.

“ஏய்! யார்ரா அது? தட்டுக்காரி! ஏம்மா!”

இடுப்பு உயரம். நெஞ்சு. கடைசிக் கல்.

பஸ் வந்துவிட்டது. பொறுப்பாளராக வந்திருந்த இளம் பெண் முன்னால் ஓடி வந்தாள்.

“அம்மா, இந்த வாசல் திறந்துதானே இருந்துச்சு? மேஸ்திரி எங்க? உள்ள ஏதோ சத்தம் கேக்குதே.”

அவள் சுவரில் காது வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை. உள்ளே ஒருவர் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார், எண்ணிக்கை இல்லாமல். இன்னொன்று நிதானமாக, அவள் கன்னத்துக்கு நேரே. தொக். தொக். கேட்கவேண்டிய அளவு கேட்டாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

“மண்ணுதான்மா,” என்றாள். “சூடேறுதில்ல, உக்காருது.”

தலைக்கு மேலே புகைபோக்கியில் மெல்லிய புகை எழுந்தது. விழாவுக்கான ஏற்பாடு என்று நினைத்து, வந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் ஆணியிலிருந்த அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆணிகள் எல்லாம் காலி.